ஹைபிரிட் காரில் குளிர் குறைந்தால்: கேஸ் அடிக்கக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் பலரிடமும் ஒரே முறைப்பாடுதான்: ஏசி முந்திய மாதிரிக் குளிரவில்லை. அதற்குக் கிடைக்கும் மறுமொழியும் ஒன்றுதான்: "கேஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சு விடுங்கோ." பெற்றோல் கார்களோடு பல ஆண்டுகள் பழகியதால் வந்த மறுமொழி இது. பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காருக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டு இடத்தில் சறுக்கும். குளிர் குறைவதற்குக் கேஸோடு சம்பந்தமில்லாத காரணங்கள் ஹைபிரிடில் நிறைய உண்டு. அதைவிட முக்கியமானது, கேஸ் அடிக்கும் வேலை கவனமில்லாமல் நடந்தால் ஏசி மட்டுமல்ல, காரே புறப்படாமல் நின்றுவிடக்கூடும்.

இந்தச் சிக்கல் இப்போது பலருக்கும் ஒரே நேரத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. அதனால் நம் வீதிகளில் ஓடும் பிரியஸ், அக்குவா, அக்சியோ, வெசல், ஃபிட், வேகன் ஆர் கார்களில் கணிசமானவை வயதேறியவை. ரப்பர் வளையங்கள் இறுகி, கண்டன்சர் அரித்து, ஏசி களைத்துப்போகும் வயது அது.

## முதலில் அடிப்படை: வெப்பம் எந்த வழியால் வெளியே போகிறது?

காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. அந்தச் சுற்றில் ஐந்து கட்டங்கள்.

1. கம்ப்ரசர் கேஸை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட கேஸ் சூடாகிறது.
2. சூடான கேஸ், காரின் முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குப் போகிறது. வெளிக்காற்று பட்டு, வெப்பத்தை இழந்து திரவமாகிறது. வெளியே 35 பாகை செல்சியஸ் வெயில் என்றால், கண்டன்சருக்குள் கேஸ் 55, 60 பாகை வரை சூடாக இருந்தால்தான் அதன் வெப்பம் வெளிக்காற்றுக்கு இறங்கும்.
3. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு துவாரத்தின் வழியே பாய்கிறது. அமுக்கம் சட்டென்று விழுகிறது, கூடவே வெப்பநிலையும் விழுகிறது.
4. குளிர்ந்த திரவம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுக்கிறது. புளோவர் அந்தக் காற்றை நம் முகத்துக்குத் தள்ளுகிறது.
5. ஆவியான கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

கேஸ் எரிந்து தீருவதில்லை, பெற்றோலைப் போலக் குறைவதில்லை. மூடிய சுற்றில் அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ரப்பர்க் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கேஸ் அடிக்க வேண்டியிருந்தால் அது பராமரிப்புச் செலவு அல்ல. எங்கோ ஓட்டை இருக்கிறது.

## ஹைபிரிடில் எது வேறு?

சாதாரண பெற்றோல் காரில் எஞ்சின் பெல்ட்தான் கம்ப்ரசரைச் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் ஏசியும் நின்றுவிடும். ஹைபிரிட் கார் அடிக்கடி எஞ்சினை நிறுத்தும் என்பதால் அந்த முறை அதற்குப் பொருந்தாது. இதற்கு இரண்டு வகைத் தீர்வுகள் உள்ளன, உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் மேலே பேச முடியாது.

மின் கம்ப்ரசர் வகை. பிரியஸ் (2003இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல்), அக்குவா, அக்சியோ ஹைபிரிட், 2013க்குப் பின் வந்த ஃபிட் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் ஆகியவை இந்த வகை. கம்ப்ரசருக்குள்ளேயே மின் மோட்டார் இருக்கிறது. அதற்கு மின்சாரம் ஹைபிரிட் பற்றரியிலிருந்து நேரே வருகிறது: பிரியஸில் 201.6 வோல்ட், அக்குவாவில் 144 வோல்ட். செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் அந்த மின்சாரத்தைக் கொண்டு போகின்றன. எஞ்சின் நின்றிருந்தாலும் ஏசி ஓடும். எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கும்.

பெல்ட் கம்ப்ரசர் வகை. வேகன் ஆர், 2010இல் வந்த முதல் ஃபிட் ஹைபிரிட் போன்றவை. இவற்றில் ஹைபிரிட் மோட்டார் ஓர் உதவியாள் மட்டுமே. சந்தியில் நின்றதும் எஞ்சின் அணைந்தால் கம்ப்ரசரும் நிற்கும். வேகன் ஆரின் கூலிங் கொயிலில் குளிரைத் தேக்கிவைக்கும் ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் சிறிது நேரம் குளிர்காற்று வரும், பிறகு மெல்ல வெதுவெதுப்பாகும். இது பழுதே அல்ல. இதற்காகக் கேஸ் அடித்தவர்கள் பணத்தைக் கரைத்ததுதான் மிச்சம்.

கராஜ்களில் ஒரு பழைய பரிசோதனை உண்டு: ஏசியைப் போட்டதும், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் மக்னட் கிளச் "டக்" என்று பிடிக்கிறதா என்று கேட்பது. பிடிக்காவிட்டால் பற்றரியிலிருந்து வயர் எடுத்து நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பது. மின் கம்ப்ரசரில் கிளச்சே கிடையாது, அந்த டக் ஒலியும் வராது. நேரடி வயர் கொடுக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. செம்மஞ்சள் வயரைப் பயிற்சியில்லாத யாரும் கழற்றக் கூடாது. பயிற்சி பெற்றவர்கூட உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வேர்ட்டருக்குள் தேங்கிய மின்சாரம் வடியக் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, காப்புக் கையுறை போட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

## "குளிர் இல்லை" என்பதைச் சரியாகச் சொல்வது

மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏசிக்கும் அப்படித்தான். கராஜுக்குப் போகுமுன் அளந்து பார்ப்பது நல்லது. அதற்குச் சாதாரண வெப்பமானி ஒன்று போதும்.

வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 பாகையைத் தாண்டிவிடும். முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, காரை ரெடி நிலையில் (ஓடத் தயார் என்று காட்டும் READY விளக்கு எரியும்படி) வைத்து, ஏசியை மிகக் குறைந்த வெப்பநிலைக்கும், காற்றை உட்சுழற்சிக்கும், புளோவரை நடுவேகத்துக்கும் வைத்து, பத்து நிமிடம் கழித்து நடு வென்டில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். வெளியே 33, 35 பாகை இருக்கும் நாளில் நல்ல ஏசி 7 முதல் 12 பாகை வரை காட்டும். 15ஐத் தாண்டினால் எங்கோ சிக்கல். 8 பாகை காட்டியும் கார் குளிரவில்லை என்றால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, காற்றுதான் போதவில்லை.

அளந்த பிறகு, எப்போது குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். என் கணிப்பில் பாதிப் பழுதுகள் இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டுவிடும்.

1. ஓடும்போது குளிர்கிறது, அனுராதபுரச் சந்தியில் நின்றால் சூடாகிறது. பெல்ட் வகையென்றால் இயல்பு. மின் கம்ப்ரசர் வகையென்றால் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. முன் விசிறி சுற்றவில்லை, அல்லது கண்டன்சர் அடைத்திருக்கிறது.

2. புறப்படும்போது நன்றாகக் குளிர்கிறது, கந்தளாய் தாண்டும்போது காற்றே வருவதில்லை. நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் மீண்டும் வருகிறது. கூலிங் கொயிலில் பனி கட்டுகிறது. கொயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சர் பிழையாகச் சொல்கிறது, அல்லது கேஸ் ஓரளவு குறைந்திருக்கிறது, அல்லது பில்டர் அடைத்துக் காற்று போதாமல் கொயில் உறைகிறது. மூன்றில் மலிவானது பில்டர், அதை முதலில் பாருங்கள்.

3. ஒரு பக்க வென்டில் குளிர், மறுபக்கம் வெதுவெதுப்பு. கேஸ் குறைவின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. கொயிலின் ஒரு பகுதியில் மட்டும் திரவம் இருக்கிறது, மிகுதி காய்ந்து கிடக்கிறது. சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவை இயக்கும் சிறு மோட்டார் சிக்கியிருந்தாலும் இப்படி நடக்கும்.

4. இரவில் குளிர், நண்பகலில் இல்லை. கண்டன்சர் வெப்பத்தைக் கொட்டத் திணறுகிறது. அழுக்கு, பலவீனமான விசிறி, அல்லது கேஸ் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருப்பது.

5. நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது திடீரென்று வெறும் காற்றாகிறது, ஏசி விளக்கு மின்னுகிறது. பல டொயோட்டா கார்களில் இது கணினி பழுதைக் கண்டுகொண்டதன் அடையாளம். ஸ்கேன் கருவியைப் பூட்டி அந்தப் பழுதை வாசிக்காமல் எதையும் தொடக் கூடாது.

6. குளிர் சரி, காற்று மட்டும் குறைவு. பில்டர், புளோவர், அல்லது கொயிலின் முகத்தில் படிந்த தூசு. கேஸ் பக்கமே போகத் தேவையில்லை.

ஏசி ஓடும்போது காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி, கொயில் குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடிக்கிறது என்று பொருள். வாடைக்காலத்தில் அதிகம் சொட்டும். கச்சான் காற்று வறண்டது என்பதால் அந்த மாதங்களில் குறைவாகச் சொட்டினால் பயப்பட வேண்டாம். தண்ணீர் வெளியே சொட்டாமல் முன் இருக்கைக் கால்மிதியை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

## செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

1. ஈகோ பொத்தான். டொயோட்டாவில் ஈகோ மோட், ஹொண்டாவில் ஈகோன். எரிபொருள் மிச்சத்துக்காக இது ஏசியின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். நண்பகலில் அதை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். 2022 எரிபொருள் நெருக்கடிக் காலத்தில் போட்ட ஈகோவை இன்னும் அணைக்காமல் ஓட்டுபவர்களும் இருக்கக்கூடும்.

2. உட்சுழற்சிப் பொத்தான். வெளிக்காற்று நிலையில் இருந்தால் ஏசி 35 பாகைக் காற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் குளிர்விக்க வேண்டும். உட்சுழற்சியில் ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மீண்டும் குளிர்விக்கிறது. வித்தியாசம் பெரியது.

3. கபின் பில்டர். மேலே சொன்ன பெரும்பாலான கார்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியின் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் கழற்றினால் கையால் எடுத்துவிடலாம். வேப்பமரத்தின் கீழ் நிறுத்தும் கார்களில், முன் கண்ணாடியின் அடியில் உள்ள காற்று வாயில் வழியே சருகுகள் விழுந்து இங்கேதான் சேரும். கருத்திருந்தால் மாற்றுங்கள். தட்டிவிட்டுத் திரும்பப் போடுவதில் பெரிய பயனில்லை.

4. முன் விசிறி. ஏசி ஓடும்போது பம்பர் இடைவெளியால் பார்த்தால் சுற்றுவது தெரியும். பொனட்டைத் திறந்தும் பார்க்கலாம், ஆனால் கையை உள்ளே விடவே கூடாது. ரெடி நிலையில் உள்ள ஹைபிரிட் அமைதியாக இருந்தாலும், எஞ்சின் எந்த நொடியும் தானாகப் புறப்படும்.

5. கண்டன்சரின் முகம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஓடும் கார்களில் மணலும் உப்பும் படிந்திருக்கும். இரவில் ஹபரணைக் காட்டுப்பாதையால் வந்த கார்களில் பூச்சிகள் அப்பியிருக்கும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவலாம். சர்வீஸ் நிலையத்து உயர் அழுத்தத் தண்ணீரை அருகே வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் வளைந்து காற்று வழி அடைபடும், இருந்ததையும் கெடுத்ததாகிவிடும்.

## கேஸ்: மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

இந்தத் தலைமுறைக் கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். கராஜில் மீட்டர் பூட்டி அமுக்கம் பார்ப்பார்கள். இதில் பரவலாக நடக்கும் ஒரு பிழையை விளங்கிக்கொள்வது நல்லது.

கார் நின்று ஆறியிருக்கும்போது இரண்டு பக்க மீட்டர்களும் ஒரே அமுக்கத்தைக் காட்டும். 30 பாகை வெப்பத்தில் அது சுமார் 97 பி.எஸ்.ஐ (மீட்டரில் இருக்கும் அமுக்க அலகு), 35 பாகையில் சுமார் 114. இதைவிட நன்றாகக் குறைந்தால் கேஸ் போதவில்லை என்பது உறுதி. ஆனால் அமுக்கம் சரியாக இருப்பதால் கேஸின் அளவு சரி என்றாகாது. குழாய்க்குள் துளியளவு திரவம் மிச்சமிருந்தாலே அதே அமுக்கத்தைத்தான் காட்டும். சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள்: அடியில் கொஞ்சம் இருக்கும்வரை அடுப்பு நன்றாகத்தான் எரியும்.

ஓடும்போது காட்டும் அமுக்கமும் பெல்ட் கார்களில்போல நேரடியாகப் பேசாது. மின் கம்ப்ரசரின் வேகத்தைக் கணினி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். "முள் இந்த இடத்துக்கு வரும்வரை அடி" என்ற பழைய கணக்கு இங்கே தவறும். குழாய்க்குள் ஓடும் கேஸைப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடித் துவாரத்தில் குமிழி மறையும்வரை அடிப்பதும் அப்படியே.

சரியான வழி, இருக்கும் கேஸை முழுதாக வெளியே எடுத்து, வெற்றிடமாக்கி, தராசில் நிறுத்து அடிப்பது. எத்தனை கிராம் என்று பொனட்டின் கீழ் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்டிருக்கும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு அது ஏறத்தாழ 470 கிராம். இவ்வளவு சிறிய அமைப்பில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் பத்தில் ஒரு பங்கு பிசகு. கூடுதலாக அடித்தால் கண்டன்சரின் அடிப்பகுதி திரவத்தால் நிரம்பி, வெப்பம் கொட்டும் இடம் சுருங்கி, அமுக்கம் ஏறும். கணினி கம்ப்ரசரைக் காப்பாற்ற அதன் வேகத்தைக் குறைக்கும். கேஸ் கூடக் கூடக் குளிர் குறைவது இப்படித்தான்.

வெற்றிடமாக்குவது வெறும் சடங்கல்ல. குழாய்க்குள் சிக்கிய காற்று கண்டன்சரில் திரவமாகாது, வெறுமனே இடத்தை அடைத்து அமுக்கத்தை ஏற்றும். காற்றோடு வந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். அரை மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டை இருக்கிறது. அதன் பிறகும் கேஸ் அடிப்பது காசை வானத்துக்கு அனுப்புவதுதான். அந்த வானத்துக்கும் அது நல்லதல்ல: ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

இறக்குமதி திறந்தபின் வரும் புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கலாம். அதுவும் அதே தாளில் எழுதியிருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது.

## எண்ணெய்: கவனம் முழுதும் இருக்க வேண்டிய இடம்

கேஸோடு சேர்ந்து ஓர் எண்ணெயும் அந்தச் சுற்றில் ஓடுகிறது. கம்ப்ரசரின் பாகங்கள் தேயாமல் காப்பது அதுதான். பெல்ட் கம்ப்ரசர்களில் பொதுவாகப் பி.ஏ.ஜி என்ற வகை எண்ணெய். மின் கம்ப்ரசர்களில் பி.ஓ.ஈ வகை. டொயோட்டா ஹைபிரிட்களுக்கு அந்த வகையிலேயே என்.டி-11 என்று குறித்த எண்ணெய் இருக்கிறது.

ஏன் வேறு எண்ணெய்? மின் கம்ப்ரசருக்குள் மோட்டாரின் செப்புச் சுருள்கள் அந்த எண்ணெயும் கேஸும் கலந்த சுற்றிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. சுருளில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாமல் காக்க வேண்டும். பி.ஓ.ஈ அதைச் செய்யும். பி.ஏ.ஜி ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். சிறிதளவு கலந்தாலே மின்காப்பு பல மடங்கு விழும்.

அப்படிக் கசியும் மின்சாரம் கம்ப்ரசரின் உலோக உடல் வழியே காரின் உடலுக்கு வரப் பார்க்கும். காரின் கணினி இதை ஓயாமல் கண்காணிக்கிறது. காப்பு குறைந்ததைக் கண்டதும் சிவப்பு முக்கோண விளக்கை எரியவிட்டு, பி-0-ஏஏ-6 என்ற பழுதுக் குறியைப் பதியும். ஓடிக்கொண்டிருக்கும் கார் பெரும்பாலும் ஓடும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ரெடி வராமல் போகலாம். ஹைபிரிட் பற்றரி பழுதானாலும் இதே குறி வரக்கூடும் என்பதால், ஏசி வேலை செய்து சில நாளில் இது வந்தால் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் நல்ல பற்றரியை மாற்றச் சொல்லவும் இடமுண்டு.

தவறான எண்ணெய் எப்படி உள்ளே போகிறது? யாரும் வேண்டுமென்று ஊற்றுவதில்லை. பெரும்பாலும் மூன்று வழிகள்:

1. காலையில் பெல்ட் கார் ஒன்றுக்குப் பாவித்த அதே குழாய்களையும் அதே மெஷினையும் பின்னேரம் ஹைபிரிடுக்குப் பூட்டுவது. குழாயின் உட்சுவரில் ஒட்டிய எண்ணெயே போதும்.
2. "எண்ணெயோடு சேர்ந்த கேஸ்" என்று விற்கும் சிறு டின்கள். உள்ளே எந்த எண்ணெய் என்று பார்க்காமல் அடிப்பது.
3. கசிவைக் காணப் போடும் ஒளிரும் சாயமும், கசிவை அடைக்கும் மருந்தும். சாயம் பி.ஏ.ஜியில் கரைத்ததாக இருக்கலாம். அடைக்கும் மருந்தை ஹைபிரிடில் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். அது வால்வையே அடைத்துவிடும்.

கலந்த எண்ணெயைக் கழுவி எடுப்பது நம்பத்தக்க வழியல்ல. கம்ப்ரசர், கண்டன்சர், கொயில், குழாய்கள் என்று மொத்தத்தையும் மாற்றும் நிலை வரும். சில ஆயிரம் ரூபாய் கேஸ் வேலை பல இலட்சமாக மாறும் வழி இது. கராஜ்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊரில் நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள், இருபது வருடம் பெல்ட் கார்களில் பழகிய கை ஹைபிரிடிலும் அதே வழியில் போவது இயல்பு. கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகமில்லை. ஹைபிரிடுக்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறீர்களா? என்ன எண்ணெய், போத்தலைக் காட்ட முடியுமா? தராசில் நிறுத்தா அடிக்கிறீர்கள்? முதலில் ஸ்கேன் பண்ணுவீர்களா? நான்குக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் பில்டர் மாற்றலாம், கண்டன்சர் கழுவலாம். கேஸ் பக்கம் கை வைக்க விடாதீர்கள்.

## கடல் பக்கத்துக் கசிவு

கண்டன்சர் மெல்லிய அலுமினியத் தகடு. உப்புக்காற்று படும் ஊரில் அது அரிக்கும், அதுவும் கடலோரமாகவே நிற்கும் உப்புவெளி, நிலாவெளிக் கார்களில் விரைவாக. சரளைக்கல் தெறிக்கும் வீதிகளில் ஓடும் காரின் கண்டன்சர் அடிவரிசையில் ஊசிமுனை ஓட்டை விழும். அங்கே கறுப்பாக எண்ணெய்ப் பசை படிந்து, அதில் தூசி ஒட்டியிருந்தால் அதுதான் ஓட்டையின் முகவரி.

கசிவைத் தேடச் சுத்தமான வழி, உலர்ந்த நைதரசனை அமுக்கத்தில் ஏற்றி, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி பார்ப்பது. சாதாரண கம்ப்ரசர் காற்றை ஏற்றக் கூடாது, ஈரம் உள்ளே போகும். மீட்டர் பூட்டும் வாயில் இருக்கும் சிறு வால்வையும், அதன் பிளாஸ்டிக் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூப் வால்வு போன்ற அந்தச் சிறு துண்டு கசிந்ததற்காகக் கண்டன்சரை மாற்றிவிடக் கூடாது. மூடி தொலைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், மணலும் உப்பும் வால்வுக்குள் இறங்குவதை அது தடுக்கும்.

கண்டன்சர் மாற்றும்போது ஈரம் உறிஞ்சும் உலர்த்தியையும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். பல கார்களில் அது கண்டன்சரின் பக்கத்திலேயே இணைந்திருக்கும். வேறொரு காரிலிருந்து கழற்றிய, வாய் திறந்தபடி கடையில் கிடந்த கண்டன்சர் மலிவாகக் கிடைக்கும். அதன் உலர்த்தி நம் ஊர் ஈரத்தை ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும். உள்ளே எந்த எண்ணெய் ஓடியது என்பதும் தெரியாது.

## ஏசி பலவீனமானால் பற்றரிக்கு என்ன?

ஏசி கெட்டால் வியர்க்கும், அவ்வளவுதானே என்று கண்ணாடியை இறக்கிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் காரில் அது சரிவரும். பிரியஸ், அக்குவா, அக்சியோவில் ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். பின் இருக்கையின் ஓரத்தில் அல்லது அடியில் இருக்கும் வாயில் வழியே ஒரு விசிறி அந்தக் காற்றை இழுத்துப் பற்றரிக்கு அனுப்புகிறது. உள்ளே 25 பாகை என்றால் பற்றரிக்கும் அந்தக் காற்று. உள்ளே 38 என்றால் பற்றரிக்கும் 38. சூடு கூடக் கூடப் பற்றரியின் ஆயுள் குறையும். பற்றரி சூடேறினாலோ, அதன் சார்ஜ் கீழே போனாலோ, கணினி ஏசிக் கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் குறைக்கும். ஏசி பலவீனமாகிப் பற்றரி சூடேறி, அதனால் ஏசி இன்னும் பலவீனமாகும் சுற்று இது. பற்றரியே களைத்திருப்பதால் ஏசி பலவீனமாகத் தெரிவதும் உண்டு. ஸ்கேன் பண்ணும்போது ஏசிப் பகுதியோடு பற்றரிப் பகுதியையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அந்த வாயிலைப் பார்க்கக் கராஜ் தேவையில்லை. பின் கதவைத் திறந்து இருக்கை ஓரத்தில் தேடினால் கம்பித் தட்டியோ துளைத் தட்டியோ தெரியும். சில மாதிரிகளில் அதற்கென்று ஒரு சிறு பில்டரும் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பையும் கடற்கரைக்குப் போய்வந்த துவாயும் வழமையாக ஒதுங்குவது அந்த ஓரத்தில்தான். மணலைத் தூசி உறிஞ்சியால் எடுத்து, பையை நடுவுக்கு நகர்த்தி, அதன் முன் ஒரு கையளவு இடம் எப்போதும் திறந்திருக்கும்படி வையுங்கள். பள்ளிப் பை அந்த வாயை மூடிக்கிடந்தால், தராசில் நிறுத்து அடித்த கேஸும் புதுக் கண்டன்சரும் தந்த குளிர் பற்றரிக்குப் போய்ச் சேராது.